முகம் பார்த்துப் பேசாத ஊர்

"அக்கா, அந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நானும் உக்காந்துக்கிடுவேன்."

பேருந்தில் எமரன்சியா கேட்டது இவ்வளவுதான். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் அணிந்திருந்த உணர்வாடியின் வலது ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று சிவப்பாக எரிந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, ஓட்டுநருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இரண்டு பேர் இருக்கை முழுவதும் இப்போது காலி. எமரன்சியா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். பழகிப்போன விஷயம்தான். ஆனாலும் இன்றைக்கு அந்தச் சிவப்பைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

பார்ப்பதற்குச் சாதாரண மூக்குக் கண்ணாடி போலத்தான் இருக்கும் உணர்வாடி. எதிரில் இருப்பவரின் முகத்தசை, குரல், கண் போகும் திசை, தோலுக்கடியில் இரத்தம் ஓடும் வேகம் ஆகியவற்றைப் படித்து, அவர் முகத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிக் காட்டும். மகிழ்ச்சி 62. சலிப்பு 40. இதற்கு அடிவரி என்று பெயர். அணிந்திருப்பவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். படிக்கப்படுகிறவருக்கும் ஏதாவது தெரிய வேண்டாமா என்று யாரோ வழக்குப் போட்டதன் பலன் அந்த ஓரத்துப் புள்ளி. கோபத்துக்குச் சிவப்பு, மறைப்புக்கு மஞ்சள், பயத்துக்கு நீலம், அமைதிக்குப் பச்சை.

சந்தைக்கு வந்து ஒன்பது வருடங்களில் வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கல்யாணப் பேச்சு எல்லாவற்றிலும் அது நுழைந்திருந்தது. கணவன் மனைவி சண்டை குறைந்துவிட்டதாக ஒரு கணக்கெடுப்பு சொன்னது. "என்ன, கோபமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்பது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. கேட்க என்ன இருக்கிறது, அடிவரி இருக்கும்போது.

எமரன்சியாவின் ஊரான செபஸ்தியார்துறைப் பிள்ளைகளுக்கு மட்டும் எங்கே போனாலும் சிவப்பும் மஞ்சளும்தான். கல்லூரி விடுதிக் காப்பாளர் கண்ணாடியில் சிவப்பு. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியில் மஞ்சள். இந்தக் கடற்கரை ஊர்க்காரர்கள் முன்கோபிகள், பொய் பேசுகிறவர்கள் என்று முன்பு ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது எண்ணே சொன்னது.

*

தெற்குத் துறைமுகத்தில் அன்று நடந்தது துறைநடத்துநர் பயிற்சிக்கான நேர்காணல். வெளிநாட்டுக் கப்பல், துறைமுகத்துக்குள் நுழையும் ஆழ வாய்க்காலுக்கு வெளியே வந்து நிற்கும்போது, சிறு படகில் போய், கயிற்றேணி பிடித்து அதில் ஏறி, அதைத் துறைக்குள் வழிநடத்திக்கொண்டு வருபவர் துறைநடத்துநர். ஒருவருக்கு இரண்டே வாய்ப்புகள். எமரன்சியாவுக்கு இது முதலாவது.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். முப்பது வருடம் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்ற கேப்டன் ஆவுடையப்பன், மனநல அலுவலர் வசுமதி. இருவரும் உணர்வாடி அணிந்திருந்தார்கள்.

"தென்மேற்குக் காத்து. முப்பது நாட் வேகம். வாய்க்காலுக்கு நடுவுல என்ஜின் நின்னுபோச்சு. என்ன செய்வீங்க?" என்றார் கேப்டன்.

எமரன்சியா அறையின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தூரத்தில் ஒரு பாரந்தூக்கி தெரிந்தது. அதற்கு அப்பால் தண்ணீர். காற்றையும் கப்பலையும் அங்கே நிறுத்திப் பார்த்துக்கொண்டே, நங்கூரம் எந்தப் பக்கம், இழுவைப் படகு எந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொன்னாள். பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவு சத்தம்.

பதினாலு கேள்விகள். பதினாலும் சரி.

"நல்லா பதில் சொன்னீங்க," என்றார் வசுமதி. "ஆனா ஏன் எங்களைப் பாத்துப் பேச மாட்டேங்கறீங்க?"

எமரன்சியா திரும்பி அவர்கள் முகத்தை நேராகப் பார்த்தாள். உடனே நாடித்துடிப்பு ஏறியது, தாடை இறுகியது. இரண்டு கண்ணாடிகளின் ஓரத்திலும் சிவப்புப் புள்ளி இன்னும் கொஞ்சம் பிரகாசமானது.

"கோபம் எண்பத்தொன்பது," என்றார் வசுமதி மெதுவாக, வேண்டாத செய்தியைச் சொல்லும் மருத்துவர் போல. "மறைப்பு அறுபத்தாறு. ரெண்டுல எது அம்பதைத் தாண்டினாலும் எடுக்க முடியாதும்மா. விதி."

"எனக்குக் கோவம் இல்ல மேடம்."

"இருக்கு. நீங்க கவனிக்கலை, அவ்வளவுதான்."

*

"அந்த மேடத்துக்கு என்ன தெரியும்?" என்றான் கில்டன். கடற்கரையில் பழைய வலைக்கொட்டகையில் அவன் கருவிகள் பழுதுபார்க்கும் கடை இருந்தது. எமரன்சியாவோடு பள்ளியில் படித்தவன். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், இருவரும் கடலைப் பார்த்தபடி. "நீ சும்மா பேசினாலே மேகம் கலையும். ஒங்கப்பா இன்னும் மோசம்."

"ஒன் சத்தம் கொறச்சலாக்கும்?"

"நான் அதைத்தான் சொல்லுதேன். ஊர்ல எல்லாருக்கும் அதே சத்தம். அப்ப அது எப்படி கோவமாகும்?"

காரணம் ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் அதைக் காரணமாக எண்ணிப் பார்த்ததில்லை. படகில் என்ஜின் இரைச்சலுக்கு மேலே பேச வேண்டும். காற்று எதிரே அடித்தால் இன்னும் கூட. கரைக்கு வந்த பிறகு யாரும் அந்தக் குரலை இறக்கி வைப்பதில்லை. அடுத்தது கண். படகின் முன்பக்கமான அணியத்தில் இருப்பவன் முன்னால் பார்ப்பான், பின்னால் இருப்பவன் பின்னால், நடுவில் நிற்பவன் வலையை. பேச்சு நடக்கும், கண்கள் தண்ணீரில் இருக்கும். பேசும்போது ஒருவன் திரும்பி இன்னொருவன் முகத்தைப் பார்க்கிறான் என்றால் அங்கே சண்டை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். செபஸ்தியார்துறையில் கைக்குழந்தைகூட அதைப் புரிந்துகொண்டு அழும்.

உணர்வாடிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நாற்பது லட்சம் முகங்களும் அலுவலகங்களிலும் அடுக்குமாடிகளிலும் எடுக்கப்பட்டவை.

"ஒரு விதி இருக்கு," என்றான் கில்டன். கருவியோடு வரும் நூற்றெழுபது பக்கக் குறிப்பேட்டை முழுவதும் படித்த ஒரே ஆள் அந்த மாவட்டத்தில் அவனாகத்தான் இருக்கும். "ஊர்ப் பதிவுன்னு பேரு. ஒரே பழக்கவழக்கம் உள்ள முந்நூறு பேர் சேந்து, ஆளுக்கு நாப்பது மணி நேரம் பதிவு பண்ணிக் குடுத்தா, கம்பெனிக்காரன் அதை வாங்கிக் கருவியில சேத்தே ஆகணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல போல."

"முந்நூறு பேரா? நம்ம பயலுவ ஒரு பந்து மேட்சுக்கே பதினோரு பேர் சேர மாட்டானுவளே."

சேர்ந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள். ஒவ்வொருவருக்கும் சிவப்புப் புள்ளிக் கதை ஒன்று கைவசம் இருந்தது. கழுத்தில் ஒரு பட்டை. அது நினைத்த நேரத்தில் கிணுகிணுக்கும். கிணுகிணுத்ததும் அந்தக் கணத்தில் மனத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். மற்றதைக் கருவி தானாகப் படித்துக்கொள்ளும். சொல்வது பொய்யானால் பதிவு கெட்டுப்போகும் என்று கில்டன் வீடு வீடாகப் போய் எச்சரித்திருந்தான்.

மூன்று வாரத்துக்கு ஊர் விசித்திரமாக இருந்தது. கோயில் பிரசங்கத்தின் நடுவில் பட்டை கிணுகிணுக்க, ஒரு பையன் ஊரே கேட்கும் குரலில் "பசி" என்றான். வலை இழுத்துக்கொண்டிருந்தவன் "சந்தோசம்" என்று சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். "எனக்கு இப்ப என்ன மாதிரி இருக்குன்னே தெரியலையே" என்று ஒருத்தி அழுதாள். பட்டை அதையும் குறித்துக்கொண்டது.

எமரன்சியாவின் பட்டை பெரும்பாலும் அவள் கடற்கரையில் நிற்கும்போதே கிணுகிணுத்தது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொன்னாள்.

*

புதிய பதிவு கருவியில் சேர்ந்த அன்று கில்டன் நான்கு பழைய உணர்வாடிகளைச் சரிசெய்து கொண்டுவந்தான். செபஸ்தியார்துறை முதன்முறையாகத் தன்னைத்தானே படித்தது. இருபது வருடமாகத் தன் முகம் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகும் கணவனுக்குத் தன்மேல் சலிப்பு என்று நினைத்திருந்த ஒருத்தி, அடிவரியைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தாள். "வெக்கமாம்! மனுசனுக்கு இன்னும் வெக்கமாம்!"

எமரன்சியாவின் அப்பா லூர்து கண்ணாடியைத் தலைகீழாக மாட்டி, பிறகு நேராக மாட்டினார். மகளைப் பார்த்தார். கண்ணாடியின் ஓரத்தில் நீலப் புள்ளி எரிந்தது.

எமரன்சியா பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதுல பயம் எம்பத்தேழுன்னு இருக்கு," என்றார் அவர். "ஏட்டி, இது பழுதா?"

"பழுதில்லப்பா."

அவளுக்குப் பதினாறு வயதில், மூடுபனியில், வாய்க்காலுக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பல் அவர்கள் படகை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. கப்பலில் இருந்தவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. அந்த இடத்தில் வலை விரிப்பார்கள் என்று அதை நடத்திய ஆளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பாவும் மகளும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் மிதந்தார்கள். அடுத்த வாரமே லூர்து கடலுக்குப் போனார். எமரன்சியா படிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். அந்தக் கப்பலின் மேல்தளத்தில் தான் நின்றிருந்தால் இது நடந்திருக்காது என்ற எண்ணம் அவளை விடவில்லை. அதனால்தான் இந்த வேலை. ஆனால் அவள் சத்தமும் நையாண்டியும் பார்த்த ஊர், அவளுக்கு எதற்கும் பயமில்லை என்று நம்பியிருந்தது. சிவப்புப் புள்ளிகூட ஒரு வகையில் அவளுக்கு மறைவாகத்தான் இருந்திருக்கிறது.

லூர்து கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "ஒரு மட்டம் என்னையப் பாரு."

போட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் வழக்கம்போலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துக்குக் கீழே எழுதியிருந்தது: பயம் 90.

"எப்பா!"

"என்னட்டி எப்பா? தெனமும்தான். அதுனாலதான தெனமும் திரும்பி வாறேன்."

*

இரண்டாவது நேர்காணலில் எமரன்சியா தன்னை ஊர்ப் பதிவின்படி படிக்கும்படி எழுதிக் கேட்டாள். வசுமதி கருவியில் ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு கண்ணாடிகளிலும் சிவப்பு அணைந்து நீலம் ஏறியது.

"கோபம் ஆறு. மறைப்பு நாலு," என்று படித்த வசுமதி நிறுத்தினார். "பயம் எண்பத்தெட்டு."

கேப்டன் ஆவுடையப்பன் பேனாவை மூடினார். "போன தடவை கோபக்காரின்னு அனுப்பினோம். இந்தத் தடவை பயந்தாங்கொள்ளின்னு அனுப்பணும் போல இருக்கு. பயத்துக்கும் அதே அம்பதுதாம்மா கணக்கு."

"போன தடவை நீங்க எழுதினது நான் இல்ல சார்," என்றாள் எமரன்சியா, பாரந்தூக்கியைப் பார்த்தபடி, பக்கத்து அறைக்கும் கேட்கும்படி. "இது நான்தான். பயம் இருக்கு. ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க."

"இங்க வேல பாக்குற துறைநடத்துநர்கள்ல மூணு பேர் எங்க ஊர். அவங்கள எந்தப் பதிவு வச்சுப் பாத்து எடுத்தீங்க?"

"அவங்க வந்தது கண்ணாடிக்கு முந்தின காலம்," என்றார் கேப்டன்.

"இப்பப் பாருங்களேன்."

விதியில் அதற்கு இடமில்லை. ஆனால் வசுமதி பதினோரு வருடம் மனிதர்களைப் படித்தவர்; ஒரு சந்தேகம் வந்தால் அதோடு தூங்க முடியாது. எழுந்து, கண்ணாடியோடு படகுத்துறைக்குப் போனார். ஓய்வறையில் மூவரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். கப்பல் ஒன்று வாய்க்காலுக்கு வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னதும் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

திரும்பி வந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எழுபத்தொண்ணு. எண்பத்துநாலு. அந்தப் பெரியவர், முப்பத்தொரு வருசமா ஒரு கப்பல்ல ஒரு கீறல்கூட விழாம கொண்டுவந்தவர், தொண்ணூத்திமூணு."

கேப்டன் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "விதிப்படி மூணு பேரையும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும்," என்றார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாகச் சிரித்தார். "நாளைக்குத் துறைமுகத்தை மூடிரலாம்."

எமரன்சியாவின் முடிவை ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த ஒரு மாதத்தில் துறைமுகம் தன் முப்பது வருட விபத்துப் பதிவேடுகளையும் பணியாட்களின் அடிவரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. பயம் அறுபதுக்கு மேல் இருந்தவர்களே கப்பல்களைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். மோதல்கள் பெரும்பாலும் நிதானமான பச்சை மனிதர்களுடையவை. பயம் குறைந்தவர்களை இனி எடுப்பதில்லை என்று விதியைத் திருப்பி எழுதினார்கள். எமரன்சியா தேர்வானாள். பயிற்சியின் முதல் நாள் கயிற்றேணியில் ஏறும்போது அவள் கால் நடுங்கியது. மேலே நின்ற பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "நல்லது," என்றார்.

*

ஒரு துறைமுகத்தில் திருத்திய விதி அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும்.

'பயமே தகுதி' என்று செய்தித்தாள்கள் எழுதின. மற்றத் துறைமுகங்கள் அதே விதியை எடுத்துக்கொண்டன. பிறகு விமான நிலையங்கள், பிறகு அறுவை சிகிச்சைப் பிரிவுகள். நகரங்களில் பயிற்சி மையங்கள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் இளைஞர்கள் பேருந்தில் செபஸ்தியார்துறைக்கு வந்து, கடற்கரையில் வரிசையாக நின்று, அந்த ஊர்ப் பதிவில் பயம் கூடுதலாகக் காட்டுவதற்காக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கத்திப் பேசப் பழகினார்கள். ஊர்ப் பிள்ளைகள் சுவரில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் பயப்படுங்க!" என்று யாராவது ஒருவன் கூவுவான்.

ஆறு வருடங்கள் கழித்து, நேர்காணல் மேசையின் அந்தப் பக்கத்தில், கேப்டன் ஆவுடையப்பன் விட்டுப்போன நாற்காலியில் எமரன்சியா உட்கார்ந்திருந்தாள். முந்நூறுக்கும் அதிகமான கப்பல்களைக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் வசுமதி. அன்று மட்டும் ஏழு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏழு பேருக்கும் பச்சைப் புள்ளி. "அலட்சியம்" என்று காரணக் கட்டத்தில் எழுதும்போது எமரன்சியாவுக்குச் சந்தேகமே வந்ததில்லை. எதுவும் தன்னை ஒன்றும் செய்யாது என்று நினைக்கிற ஆள் ஒருவன் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதை அவள் தண்ணீரிலிருந்து பார்த்தவள்.

எட்டாவதாக வந்தவள் பெயர் முத்துச்சுடர். பத்தொன்பது வயது. சாத்தூருக்கு மேற்கே ஒரு பட்டாசு ஊர். இது அவளுக்கு இரண்டாவது வாய்ப்பு.

கேட்டதற்கெல்லாம் தாழ்ந்த குரலில், இருவர் முகத்தையும் நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். கைகள் மேசைமேல் அசையாமல் இருந்தன. பதினாலு கேள்விகள். பதினாலும் சரி. எமரன்சியாவின் கண்ணாடியில் தெரிந்தது: அமைதி 79. பயம் 3.

"பச்சை எரியுது, இல்லையா மேடம்?" என்றாள் முத்துச்சுடர்.

"ஆமா."

"போன வருசமும் எரிஞ்சுச்சு. அலட்சியம்னு எழுதி அனுப்பிட்டாங்க. எனக்கு அலட்சியம் இல்ல மேடம்."

"இருக்கும்மா," என்றாள் எமரன்சியா. "நீங்க கவனிக்கலை, அவ்வளவு..."

வாக்கியம் பாதியில் நின்றது. வசுமதி திரும்பி அவளைப் பார்த்தார்.

முத்துச்சுடர் அவசரப்படவில்லை. "எங்க அம்மா, அத்தை, நான், எல்லாரும் மருந்து கலக்குற ரூம்ல இருந்தவங்க. அங்க ஒருத்தருக்குக் கை நடுங்குச்சுன்னா கதையே முடிஞ்சுது. அவங்களுக்கு மட்டுமில்ல, ரூம்ல இருக்கிற எல்லாருக்கும். பயம் வந்துச்சுன்னா மூச்சைக் கீழ இறக்கணும், குரலை இறக்கணும், கையை அப்படியே வைக்கணும். பக்கத்துல இருக்கிறவங்க கண்ணைப் பாக்கணும், அவங்களும் நம்ம கண்ணைப் பாப்பாங்க. சின்ன வயசுலயே வந்துரும். யாரும் சொல்லித் தர்றதில்ல. எங்க ஊர்ல பயந்தா இப்படித்தான் இருப்போம்."

"ஊர்ப் பதிவு இருக்கா?" என்று கேட்டார் வசுமதி.

"எங்க ஊர்ல இப்ப இருநூத்தி எம்பது பேர்தான் மேடம் இருக்கோம். முந்நூறு வேணுமாம்."

ஜன்னலுக்கு வெளியே அதே பாரந்தூக்கி நின்றது. இந்த ஆறு வருடங்களில் எத்தனை பச்சைப் புள்ளிகள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள் எமரன்சியா. பிறகு, தன் ஊரில் சண்டைக்கு மட்டுமே செய்கிற காரியத்தைச் செய்தாள். திரும்பி, அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தாள். பல வருடங்களாக அந்த அறையில் யாரும் யாரையும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"இப்ப உனக்கு எப்படி இருக்கு?"

முத்துச்சுடர் மூச்சைக் கீழே இறக்கினாள். கைகள் அப்படியே இருந்தன.

"இவ்வளவு பயம் எனக்கு எப்பவுமே வந்ததில்ல மேடம்."

எமரன்சியாவின் கண்ணாடியில் எண் ஏறியது. அமைதி 97.